பெயின்ட் டப்பாவில் ஒரு முருங்கை

(பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மரம் நட்டும் கையால் செய்து பார்த்தும் பிள்ளைகள் இயற்கையைக் கற்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். வேறு எங்காவது என்றால் சுலபமாகப் பேசிவிட்டுப் போயிருப்பேன். ஸ்ரீராம்புரத்தில் பேசுவதுதான் கஷ்டம். இயற்கைக் கல்வி என்றதும் எல்லோரும் உதாரணம் காட்டுகிற பள்ளிக்கூடங்கள் ஏக்கர் கணக்கில் இடம் வைத்திருப்பவை. ஆந்திரத்தில் ரிஷி வேலி, இங்கே கனகபுரா சாலையில் வேலி ஸ்கூல், வங்காளத்தில் சாந்திநிகேதன். தாகூர் 1928-இல் சாந்திநிகேதனில் மரம் நடுவதை ஒரு விழாவாகவே தொடங்கிவைத்தார். மரக்கன்றைப் பல்லக்கில் வைத்து, பாட்டும் ஆட்டமுமாக ஊர்வலம் போவார்கள். அழகான வழக்கம்தான். ஆனால் நம் பேட்டைச் சந்தில் பல்லக்கு போனால் திரும்ப முடியாது, ரிவர்ஸில்தான் வரவேண்டும்.

இங்கே இருபதுக்கு முப்பது அடி சைட்டில் மூன்று மாடி. கீழ்வீட்டில் ஒரு குடும்பம், மேலே இரண்டு குடும்பம், படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஸ்கூட்டர். பின்னி மில்லிலும் மற்ற மில்களிலும் ஷிப்ட் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர். தாத்தா ஊரில் வயலையும் தோப்பையும் விட்டுவிட்டு வந்தார். பேரனுக்கு ஒரு சாண் மண் இல்லை. அவனிடம் போய் ‘இயற்கையை நேசி’ என்றால், அவன் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வான். பரீட்சையில் ஐந்து மார்க் கிடைக்கும்.

ஐந்து மார்க் என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல், சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. அதை நாம் நடைமுறைப்படுத்திய விதம் வேறு. பாடமாக்கு என்றார்கள், நாம் பாடப்புத்தகமாக்கிவிட்டோம். ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்று பத்து வரிக் கட்டுரை எழுதத் தெரிந்த பிள்ளையிடம், உன் பள்ளிக்கூட வாசலில் நிற்பது என்ன மரம் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையை விடுங்கள், கட்டுரையைத் திருத்திய டீச்சரைக் கேட்டுப் பாருங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் டீச்சர்கள் மன்னிக்க வேண்டும். அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொரு பழக்கம் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்கவைப்பார்கள். பேனர் வரும். குழி முதல்நாளே வெட்டியாகிவிட்டது, வெட்டியவர் வாட்ச்மேன். எட்டுப் பெரிய மனிதர்கள் ஒரே கன்றை ஆளுக்கொரு விரலால் தொட்டுக்கொண்டு கேமராவைப் பார்ப்பார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் படித்த பாடம் என்ன? மரம் என்பது பெரியவர்கள் நட, சிறியவர்கள் கைதட்டுகிற சமாச்சாரம். அந்தப் பாடம் ஆழமாகப் பதிந்துவிடுகிறது, கன்றுதான் பதிவதில்லை.

அந்தத் தேதியையே பிள்ளைகளிடம் ஒரு கேள்வியாகக் கேட்கலாம். ஏன் ஜூன் 5? 1972-இல் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய நாள் அது. நம் மழைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. பெங்களூருக்கு அதிர்ஷ்டவசமாக அது பொருந்திவிட்டது. தென்மேற்குப் பருவமழை தொடங்குகிற சமயம், அக்டோபர் வரை மழை உண்டு, செப்டம்பரிலும் அக்டோபரிலும் நல்ல மழை. ஆனால் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் இருக்கும் உங்கள் சொந்தக்காரர்கள் அதே ஜூன் 5-இல் கன்று நட்டால், பெருமழைக்கு அது நாலு மாதம் காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஐப்பசிதான் நடுகிற மாதம். 1950-இல் மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கிய வன மகோத்சவம் என்ற மரம் நடும் விழா ஜூலை முதல் வாரம். அதுவும் வடக்கத்தி மழையைப் பார்த்து வைத்த நாள்தான். எந்த ஊரில் எப்போது நடவேண்டும் என்று ஒரு பிள்ளை யோசித்தால், அதற்குள்ளேயே பூகோளம் வந்துவிடுகிறது, மழைக்காற்று வந்துவிடுகிறது, வரைபடம் வந்துவிடுகிறது. யாரோ குறித்துக் கொடுத்த நாளில் கைதட்டினால் ஒன்றும் வராது.

நான் சொல்லவந்தது இவ்வளவுதான்: பிள்ளைக்குக் கல்வி கிடைப்பது நடுகிற நாளில் இல்லை, அதற்குப் பிறகு வருகிற முந்நூற்று அறுபத்து நாலு நாட்களில். இடமே இல்லாத ஸ்ரீராம்புரத்துக்கு இது நல்ல செய்தி. நட இடம் இல்லாவிட்டாலும் பார்க்க மரம் இருக்கிறது.

எங்கே இருக்கிறது? ஸ்ரீராம்புரம் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறினால், மெஜஸ்டிக் பக்கம் போகிற வண்டியில் அடுத்த ஸ்டேஷன் சம்பிகே ரோடு. சம்பிகே என்றால் செண்பகம். அந்த ரோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று மார்கோசா ரோடு, வேப்பமரத்தின் பெயர். மல்லேஸ்வரத்தைக் கட்டியவர்கள் தெருவுக்கு மரத்தின் பெயர் வைத்தார்கள். நம் பிள்ளைகள் மெட்ரோவில் மந்த்ரி மாலுக்குப் போகும்போதெல்லாம் சம்பிகே என்ற பெயரைக் கேட்கிறார்கள், ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்தியே அழைத்துப் போங்கள். கையில் ஒரு நோட்டு. செண்பக மரம் எத்தனை நிற்கிறது? வேம்பு எத்தனை? அவை போன இடத்தில் இப்போது என்ன நிற்கிறது? டீச்சர் விடையைச் சொல்லக் கூடாது. சொன்னால் அது வகுப்பறை ஆகிவிடும்.

பெங்களூரின் தெரு மரங்கள் தானாக முளைத்தவை இல்லை, யோசித்து நட்டவை. கிரும்பீகல் என்ற ஜெர்மானியர் 1908-இல் மைசூர் மகாராஜாவின் பணிக்கு வந்தார். லால்பாக்கைப் பார்த்துக்கொண்டார், 1956-இல் இந்த ஊரிலேயே காலமானார். ஒரு தெருவில் பூத்து முடியும்போது இன்னொரு தெருவில் பூக்கத் தொடங்க வேண்டும், வருஷம் பூராவும் ஊரில் எங்காவது பூ இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு மரம் வைத்தவர் அவர். அப்புறம் எண்பதுகளில் நெகினஹாள் என்ற வனத்துறை அதிகாரி. குண்டூ ராவ் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய வேலை. சில ஆண்டுகளில் பதினைந்து லட்சம் மரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். நாம் இன்று நிழலில் நடக்கிற பல தெருக்கள் அவர் கைவேலை. நட்டதோடு விடாமல் கூண்டு போட்டுக் காத்ததால்தான் அவை நின்றன.

மரம் பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பது? இதற்கு நம் ஊரிலேயே நல்ல முறை இருக்கிறது. சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம், நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நடத்துவது, 2010 வாக்கில் தொடங்கியது. ஒரு பிள்ளை ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை அதன் அடியில் போய் நிற்க வேண்டும். தளிர் இருக்கிறதா, முற்றிய இலை இருக்கிறதா, மொட்டு, பூ, காய், பழம் இருக்கிறதா? விடை மூன்றே வகை: இல்லை, கொஞ்சம், நிறைய. அவ்வளவுதான். ஐந்து நிமிஷ வேலை. கேரளத்தில் மாத்ருபூமி பத்திரிகையின் சீட் திட்டத்தோடு சேர்ந்து ஏராளமான பள்ளிப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். சித்திரை விஷுவுக்குக் கொன்றைப்பூ வேண்டும் அல்லவா? அந்தக் கொன்றை விஷுவுக்கு வெகுமுன்பே பூத்துவிடுகிறது என்று பாட்டிமார்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். இன்று பிள்ளைகள் எழுதிய வாரக்கணக்கு அந்தப் புலம்பலுக்கு ஆதாரமாக நிற்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு, விஞ்ஞானிக்குத் தரவு. ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ என்று எழுதத் தெரிந்தால் போதும்.

நம் பேட்டைக்கு நான் புங்கமரத்தைச் சிபாரிசு செய்வேன். ஹொங்கே என்று நம் பிள்ளைகள் கன்னடத்தில் தெரிந்துவைத்திருப்பார்கள். யுகாதியை ஒட்டி அது தளிர்க்கிற விதத்தைப் பாருங்கள். பழைய இலையெல்லாம் கொட்டி, ஒரே வாரத்தில் பளபளவென்று வெளிர்பச்சையாக மாறிவிடும். தொடர்ந்து பூ கொட்டும்; நிறுத்திவைத்த ஆட்டோவின் மேலெல்லாம் வெள்ளையும் ஊதாவுமாகப் படிந்து கிடக்கும். ஆட்டோக்காரர் திட்டிக்கொண்டே தட்டிவிடுவார். நோட்டில் ‘பூ: நிறைய’ என்று எழுத மேலே பார்க்கவே வேண்டாம்.

பார்ப்பதோடு அளக்கவும் சொல்லுங்கள். தையல் டேப் போதும். பெரியவர்களின் நெஞ்சளவு உயரத்தில் மரத்தைச் சுற்றி டேப்பை இழுத்துப் பிடித்து எண்ணை எழுத வேண்டும். அடுத்த வருஷம் அதே மாதம், அதே உயரத்தில். இன்னொன்று, ஒரு சாதாரண தெர்மாமீட்டர். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மரத்தடியிலும் மரமில்லாத தெருவிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கட்டும். பெங்களூரில் இதை முறையாகச் செய்தார்கள். 2013-இல் வெளிவந்த ஆய்வு. மரமுள்ள தெருவில் மதியக் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைவு, தார்ச் சாலையின் மேற்பரப்பு வெப்பம் 27.5 டிகிரி வரை குறைவு. இருபத்தேழரை டிகிரி! நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். பிள்ளையே இரண்டு ரோட்டிலும் கையை வைத்துப் பார்த்தால் நம்பும். ஒரு நொடி வைத்து எடுக்கச் சொல்லுங்கள், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

இப்படி அருகில் இருப்பதைப் பார்த்து எழுதிய மா. கிருஷ்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. நாவலாசிரியர் மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர், தமிழில் இயற்கையைப் பற்றி எழுதியவர்களில் முதன்மையானவர். இந்தக் கர்நாடகத்தில் சண்டூர் சமஸ்தானத்தில் சில காலம் வேலை பார்த்தார், அங்கே பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்திருக்கிறார். பின்னாளில் காட்டு யானையைப் படம் எடுத்துப் பேர் வாங்கினார். ஆனால் அவர் எழுத்தில் நிறைய இடம் பிடித்தவை காக்கை, அணில், வௌவால், ஆடு, வீட்டுத் தோட்டத்துப் பறவை. இயற்கை என்றால் முதுமலைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவரை வாசிக்க வேண்டும்.

சரி, நட வேண்டாமா? நட வேண்டும். எதை, எங்கே, யார் என்பதுதான் கேள்வி. ஹரிணி நாகேந்திராவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரும் உடன் ஆய்வாளரும் பெங்களூரின் 44 குடிசைப் பகுதிகளில் போய், அங்கே என்ன செடி இருக்கிறது, என்ன மரம் இருக்கிறது என்று பார்த்தார்கள். வசதியான லேஅவுட்டுகளைவிட மரம் குறைவுதான். ஆனால் இருந்த ஒவ்வொன்றும் வேலை செய்துகொண்டிருந்தது. மரத்தடியில் அடுப்பு, மரத்தடியில் பாத்திரம் கழுவுதல், துடைப்பம் கட்டுதல், டயர் பஞ்சர் ஒட்டுதல், பிள்ளைகள் விளையாட்டு. தின்னவும் மருந்துக்கும் உதவுகிற செடிகளாகப் பார்த்து வைத்திருந்தார்கள். முருங்கைக்கு அங்கே நல்ல இடம். பெரிய லேஅவுட்டில் மரம் அலங்காரம். நம்மிடத்தில் அது சமையலறையின் ஒரு பகுதி.

அதனால்தான் நம் பள்ளிகளுக்கு நான் முருங்கையைச் சொல்கிறேன். பெரியவர்கள் போத்து நடுவார்கள், தெரியும். கைமொத்தக் கிளையை வெட்டி, மேல்நுனியில் சாணி அப்பி, மழைக்கு முன்னால் ஊன்றிவிட்டால் துளிர்த்துவிடும். அது வீட்டுக்குச் சரி. பிள்ளைகளுக்கு நான் விதையைக் கொடுக்கச் சொல்வேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்-1 என்ற செடிமுருங்கை, தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த ரகம். விதை ஊன்றி ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். ஆலமரம் வளர்வதற்குள் பிள்ளை காலேஜுக்குப் போய்விடும். செடிமுருங்கை ஒரு கல்வியாண்டுக்குள்ளேயே தன் வேலையைக் காட்டிவிடுகிறது. ஜூனில் விதை, டிசம்பருக்குள் ஏதாவது ஒன்று நடந்திருக்கும். பெங்களூர்க் குளிருக்குக் கொஞ்சம் தாமதமாகலாம்.

எதில் வளர்ப்பது? இருபது லிட்டர் பெயின்ட் டப்பா எந்தக் கட்டட வேலை நடக்கிற இடத்திலும் கிடைக்கும். நன்றாகக் கழுவிவிட்டு அடியில் ஐந்தாறு ஓட்டை, ஓட்டை அடைபடாமல் உடைந்த ஓட்டுச் சில்லு. செம்மண், மணல், தொழுவுரம் சம பங்கு. விரல் கணு ஆழத்தில் மூன்று விதை. முளைத்ததும் திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்குவது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். அங்கேயே ஒரு பெரிய வாக்குவாதம் நடக்கும், நடக்கட்டும். டப்பா வெயில் படுகிற மொட்டை மாடியில் இருக்க வேண்டும். மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

பிடுங்கிய நாற்றைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவி, வேரைப் பார்க்கச் சொல்லுங்கள். விதையிலிருந்து வந்த முருங்கையின் ஆணிவேர் குட்டி முள்ளங்கி மாதிரி தடித்து இருக்கும். நகத்தால் கீறி முகர்ந்தால் கடுகு நெடி அடிக்கும். தண்ணீரை அங்கேதான் சேமித்துவைக்கிறது, அதனால்தான் வறட்சியைத் தாங்குகிறது. போத்தில் வந்த முருங்கைக்கு இந்த ஆணிவேர் கிடையாது, பெருங்காற்றுக்குச் சாய்ந்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும். விரலில் ஒட்டிய அந்த நெடி சாயங்காலம் வரை போகாது.

இரண்டரை அடி உயரம் வந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். பிள்ளைகள் பதறுவார்கள். இவ்வளவு நாள் வளர்த்ததை ஏன் கிள்ளச் சொல்கிறீர்கள் என்பார்கள். கிள்ளிவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். சில நாளில் கிள்ளிய இடத்துக்குக் கீழே, இலைக்காம்பு தண்டோடு சேர்கிற மூலையில், பச்சைப் புள்ளி ஒன்று தலைகாட்டும். பிறகு இன்னொன்று, எதிர்ப்பக்கம் இன்னொன்று. நுனியில் சுரக்கிற ஆக்ஸின் என்ற பொருள் பக்கத்து மொட்டுகளை அடக்கிவைத்திருந்தது. நுனி போனதும் அவை விழித்துக்கொண்டன. மேல்வகுப்பு உயிரியலில் இருக்கிற பாடம் இது, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நடந்துவிடுகிறது.

இந்த இடத்தில் பாட்டிமார்கள் ஒரு பழமொழியைச் சொல்லத் தயாராக இருப்பது தெரிகிறது. ‘முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்.’ முதல் பாதி சத்தியமான வார்த்தை, இப்போதுதான் காரணமும் சொன்னேன். முருங்கையை ஒடிக்காமல் விட்டால் ஆளுக்கு எட்டாமல் மேலே போய்விடும். இரண்டாம் பாதியை யார் ஒட்டவைத்தார்களோ தெரியாது. பிள்ளைக்கு நுனிமொட்டும் இல்லை, பக்கமொட்டும் இல்லை. அதோடு 2009-இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனத்தளவில் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. பழமொழியின் முன்பாதியை மட்டும் நாம் வைத்துக்கொள்வோம்.

செடி சாகும். இதைச் சொல்லாமல் யாரும் மரம் நடும் பேச்சை முடிக்கக் கூடாது. மூன்றில் ஒன்றாவது போகும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது என்ன செய்வோம்? பிள்ளை பார்ப்பதற்குள் இன்னொரு கன்றை வாங்கிவந்து அதே இடத்தில் வைத்துவிடுவோம், அழக் கூடாதாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். செத்த செடியைப் பிள்ளையே பிடுங்கட்டும். வேர் கறுத்து, கொழகொழவென்று நாற்றம் அடிக்கிறதா? தண்ணீர் அதிகம், ஓட்டை அடைத்துவிட்டது. வேர் சுருங்கி ஒடிகிறதா? தண்ணீர் இல்லை, தசரா லீவில் யாரும் வரவில்லை. வேர் நன்றாக இருந்து இலை மட்டும் மொட்டையா? கம்பளிப்பூச்சி. சாவுக்குக் காரணம் தேடுவதுதான் விஞ்ஞானம் தொடங்குகிற இடம். அழுகை வந்தால் வரட்டுமே.

கம்பளிப்பூச்சியைச் சொன்னதும் நாலைந்து அம்மாக்கள் முகம் சுளித்தார்கள். மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும், பட்டால் அரிக்கும், உண்மைதான். அதைத் தொடக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். தீப்பந்தம் கொளுத்துவதற்கு முன் ஒரு நாள் தூர நின்று பார்க்கவிடுங்கள். மழையோடு வருகிற சுடலைக்குயில் இந்த மயிர்ப்புழுவைத்தான் விரும்பித் தின்னும். மற்றப் பறவைகள் பலவும் கிட்டவே வராது. ஸ்ரீராம்புரத்துக்குச் சுடலைக்குயில் வருமா என்று கேட்காதீர்கள், அதைப் பிள்ளைகள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மாக்களின் இன்னொரு கவலை யூனிஃபார்ம். சேறு போகாது, வாஷிங் மெஷின் எல்லார் வீட்டிலும் இல்லை. நியாயம். அதற்கு ஆசிரியர்கள்தான் வழி செய்ய வேண்டும். சனிக்கிழமை பழைய சட்டையோடு வரச் சொன்னால் முடிந்தது. அப்பாக்களின் கவலை வேறு: எங்கள் பிள்ளையை டாக்டராக்க அனுப்பினோம், மண்வெட்டி பிடிக்கவா? தலைமுறை தலைமுறையாக மண்வெட்டி பிடித்து, அதிலிருந்து தப்பித்து மில்லுக்கு வந்த குடும்பத்துக்கு இந்தக் கோபம் வரும், வரத்தான் செய்யும். 1937-இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியைப் பேசியபோதும் இதே கோபம் எழுந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கைவேலை, பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் என்று ஆகிவிடுமோ என்ற சந்தேகம். அந்தச் சந்தேகத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். என் பதில் ஒன்றுதான். கனகபுரா சாலையில் நிறைய ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளைகள் மண்ணில் கைவைக்கிறார்கள், பறவைக்குப் பேர் சொல்கிறார்கள். அதை அங்கே சிறப்புக் கல்வி என்கிறார்கள். இங்கே மட்டும் அது ஏன் கூலிவேலை ஆகவேண்டும்? பள்ளிக்கூடத்துக்கு ஓசி தோட்டக்காரர் கிடைத்தார் என்று பிள்ளைகளை யாராவது வேலை வாங்கினால், அப்போது சண்டைக்குப் போங்கள். நானும் வருகிறேன்.

ஜப்பானிய நூல் ஒன்றைத் தமிழிலும் உங்களில் பலர் படித்திருப்பீர்கள், டெட்சுகோ குரோயநாகியின் டோட்டோ-சான். பழைய ரயில் பெட்டிகளில் நடந்த அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறிக்கொள்ளச் சொந்தமாக ஒரு மரம். போலியோ வந்த நண்பனைத் தன் மரத்துக்கு அழைத்து, ஏணியைக் கொண்டுவந்து, படாதபாடு பட்டு மேலே ஏற்றுவாள் அந்தச் சின்னப் பெண். மரம் தன்னுடையது என்பதால்தான் விருந்தாளியை அழைக்க முடிந்தது. நம் பிள்ளைகளை முருங்கையில் ஏறச் சொல்லாதீர்கள், கிளை பொட்டென்று முறியும். ஆனால் டப்பாவில் பெயரை எழுதவிடுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், ஸ்பான்சர் செய்தவர் பெயர் வேண்டவே வேண்டாம். பிள்ளையின் பெயர்.

ஹுலிகல் ஊரின் சாலுமரத திம்மக்காவை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகாதவர், கூலிவேலை செய்தவர். கணவர் சிக்கையாவோடு ஹுலிகலிலிருந்து கூடூர் போகிற சாலையில் 385 ஆலமரம் வளர்த்தவர், 2019-இல் பத்மஸ்ரீ. அந்தக் கதையில் எல்லோரும் 385-ஐத்தான் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு எண். முதல் வருஷம் அவர்கள் வைத்தது பத்தே கன்று. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்ற எத்தனைக்கு முடியுமோ அத்தனைதான் வைத்தார்கள், முள்வேலி கட்டினார்கள். அடுத்த வருஷம் கொஞ்சம் கூட்டினார்கள். தலைமை ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: ஒரே நாளில் ஆயிரம் கன்று என்று அறிவிப்புப் பலகை வைக்காதீர்கள். தசரா லீவிலும் ஏப்ரல், மே லீவிலும் தண்ணீர் ஊற்ற யார் வருவார்கள் என்று முதலில் பெயர் எழுதுங்கள். எத்தனை பெயர் தேறுகிறதோ அத்தனை டப்பா.

நேரம் ஆகிவிட்டது, மைக்செட்காரர் வாட்ச்சைப் பார்க்கிறார். வாசலில் ஒரு மேஜை போட்டிருக்கிறது. செடிமுருங்கை விதை, பொட்டலத்துக்கு மூன்று. அது பிள்ளைகள் கையில் மட்டும்தான் கொடுக்கப்படும், பெற்றோர் வரிசையில் நிற்க வேண்டாம். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், வகுப்பு, லீவில் தண்ணீர் ஊற்றப் போகிறவர் யார் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் பொட்டலம் கிடையாது. அம்மா என்று எழுதினால் அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுத வேண்டும். டப்பா வேண்டுவோர் சனிக்கிழமை காலையில் வாருங்கள். கழுவாத டப்பாதான் கிடைக்கும், தேய்க்கத் தேங்காய் நார் கொண்டுவாருங்கள்.